பிள்ளை உட்காரும்வரை

அக்கா கிழக்கேகோட்டையில் பஸ்ஸை விட்டிறங்கி, இடுப்பில் குழந்தையோடு தன்னந்தனியாக வலியசாலைக்கு நடந்து வந்து நின்றபோது, எங்கள் வீட்டில் சந்தோஷப்பட்டது நான் ஒருத்திதான். எனக்கு ஏழு வயது. கழங்கு விளையாட ஆள் கிடைத்துவிட்டது என்பதற்கு மேல் எதுவும் தோன்றவில்லை. அக்காவுக்குப் பதினைந்து. நாகர்கோவிலுக்கு அப்பால் ஒரு கிராமத்தில் அவளைக் கட்டிக்கொடுத்து இரண்டு வருஷமாகியிருந்தது.

புகுந்த வீட்டில் யாரிடமும் சொல்லாமல் வந்திருக்கிறாள் என்பது, சாலைக் கடைத்தெருவில் கணக்கெழுதிவிட்டு அப்பா வீடு திரும்பி விசாரித்தபோதுதான் தெரிந்தது.

"நாளைக்கே கொண்டு விட்டிருதேன்," என்றார் அப்பா.

"பிள்ளை உக்காரட்டும் அப்பா. அன்னைக்கு நானே பஸ் ஏறுதேன்," என்றாள் அக்கா.

குழந்தைக்குப் பத்து மாதம். வயிறு மட்டும் பெரிதாக, கையும் காலும் சுள்ளியாக இருந்தது. பிடித்து உட்கார வைத்தால் ஒரு பக்கமாகச் சாய்ந்துவிடும். அழவே அழாது. எவ்வளவு சமர்த்து என்று அம்மாவிடம் மெச்சினேன். அம்மா அதன் சுள்ளிக் கையைத் தூக்கிப் பார்த்தாள்.

மறுநாள் அம்மா எங்களை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள். டாக்டரம்மா குழந்தையைப் புரட்டி, அதன் செம்பட்டை முடியை இழுத்துப் பார்த்து, சத்தே இல்லை என்று முனகிவிட்டு, அக்காவைத் தாண்டி அம்மாவிடம் மலையாளத்தில் கேட்டார்: "குட்டியுடெ அம்ம எவிடே?"

"நான்தான்," என்றாள் அக்கா.

டாக்டரம்மா அக்காவை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு குழந்தையை அம்மாவிடம் கொடுத்துவிட்டு அக்காவின் கண்ணிமையைக் கீழே இழுத்துப் பார்த்தார். வீட்டில் எப்போது சாப்பிடுவாய் என்று விசாரித்தார். எல்லாரும் சாப்பிட்ட பிறகு என்றாள் அக்கா. பிள்ளை பெற்றதிலிருந்து மீனும் முட்டையும் கிடையாதாம், தாய்ப்பாலுக்கு ஆகாதென்று. பல நாள் வெறும் கஞ்சிதான் மிஞ்சுமாம்.

"ஆத்யம் நீ தின்னணம். பின்னே குட்டி," என்றார் டாக்டரம்மா. முதலில் அக்கா சாப்பிட வேண்டுமாம், பிறகுதான் குழந்தையாம்; நோயாளி யாரென்றே இவருக்குப் பிடிபடவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

அன்று முதல் சாளை மீனும் முருங்கைக்கீரையும் அக்காவின் தட்டில்தான் முதலில் விழுந்தன. அவள் ருசித்துச் சாப்பிட்டதாக நினைவில்லை. வேலை செய்வதுபோலச் சாப்பிட்டாள். குழந்தைக்கும் குழையப் பிசைந்து, துப்பத் துப்ப ஊட்டினாள்.

அவளுடைய மாமனார் தேடி வந்தார். முன்னறையில் உட்கார்ந்து, "எப்பம் அனுப்புதீய? ஊர்ல நாலு பேரு கேக்கான்," என்றார். அப்பா தரையைப் பார்த்தார். மாமனார் எதிரில் வராமல் கதவுக்குப் பின்னால் நிற்கிற அக்கா அன்று சோற்றுத் தட்டோடு வெளியே வந்தாள். அவருக்கெதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்து, குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு சாப்பிடத் தொடங்கினாள்.

"நேரம் தப்பாம சாப்பிடணும்னு டாக்டரம்மா சொல்லியிருக்கா மாமா. பிள்ளை உக்காந்ததும் வாறேன்."

 மாமனார் அப்பாவைத் திரும்பிப் பார்த்தார். நான் அப்பா அடிக்கப்போகிறார் என்று பயந்து தூணோடு ஒட்டிக்கொண்டேன். அப்போது அம்மா அடுக்களையிலிருந்து வந்து, யாரையும் பார்க்காமல், அக்காவின் தட்டில் இன்னொரு மீனை வைத்துவிட்டுப் போனாள். அப்பா கையை ஓங்கவில்லை. மாமனார் தனியாகத்தான் ஊர் திரும்பினார்.

ஓணம் கழிந்து ஒரு காலையில் குழந்தை பாயில் தானாக உட்கார்ந்தது. அதற்குப் பிறகும் அக்கா சில வாரம் இருந்து அது தவழ்வதையும் பார்த்துக்கொண்டாள். அப்புறம் அத்தான் வந்து கூட்டிப்போனார். முட்டையிடுகிற கோழி ஒன்றைக் கூடையில் வைத்து அம்மா கொடுத்தனுப்பினாள். அங்கேயும் அக்கா முதல் பந்தியிலேயே உட்கார்ந்துவிடுகிறாள் என்று குறை சொல்லி ஆள் வந்தது. அப்பா சிரித்தார்.

எனக்கு ஒரு வருத்தம் மட்டும் இருந்தது. வந்தபோது அந்தக் குழந்தையின் தலைமுடி துரைமார் வீட்டுப் பிள்ளையைப் போலச் செம்பொன் நிறத்தில் மின்னியது. தெருப் பிள்ளைகளிடமெல்லாம் அதைக் காட்டிப் பெருமையடித்திருந்தேன். போகும்போது அது எங்கள் எல்லாருடையதையும்போலக் கறுத்துவிட்டது. அம்மா அந்தக் கறுத்த முடியைத் தடவித் தடவி ஏன் அழுதாள் என்று எனக்கு விளங்கவே இல்லை.