நத்தைகளுக்குத் தலைவாரும் அக்கா

ஆய்வகத்தில் அவரை எல்லோரும் சீப்பு அக்கா என்றுதான் கூப்பிடுவோம். வேலை அப்படி. உயிரினங்களின் மரபணுவை ஆய்வாளர்கள் எழுத்து வரிசைகளாகக் கொண்டுவருவார்கள். ஒன்று நீளம், ஒன்று குட்டை, நடுவில் ஓட்டைகள். ஒத்த எழுத்துக்கு நேரே ஒத்த எழுத்து வருமாறு அவற்றை ஒன்றின்கீழ் ஒன்றாக வாரி, பிசிறைக் கத்தரித்துத் தரும் மென்பொருளை எழுதியவர் அக்கா. வாரி முடித்த பிறகுதான் எது எதற்கு உறவு, எது எங்கே பிரிந்தது என்று வம்ச மரம் வரைய முடியும்.

அக்கா உயிரியல் படித்தவரில்லை. வங்கிகளுக்குப் புரோகிராம் எழுதிக்கொண்டிருந்தவர், கல்யாணமாகி இந்த வெளிநாட்டு ஊருக்கு வந்து, கொஞ்ச காலம் சும்மா இருந்துவிட்டு இங்கே சேர்ந்தார். கணவர் பஸ் ஓட்டுகிறார்.

"ஊர்ல இருக்கிற புழு பூச்சிக்கெல்லாம் தலைவாரி விடுறா. என் சட்டைக்குப் பட்டன் தைக்க நேரமில்ல" என்பார் அவர்.

"நீங்களும்தான் ஊரையே ஏத்திட்டுப் போறீங்க. என்னை ஒரு நாள் ஏத்தியிருக்கீங்களா?"

மரபணு இரட்டை இழை. எந்த இழையிலிருந்தும் படிக்கலாம். எதிர் இழையில் படித்தால் வரிசை கடைசியிலிருந்து முதலுக்கு, எழுத்துகளும் மாறி வரும். அப்படி ஒன்று உள்ளே வந்தால் அக்காவின் மென்பொருள் எச்சரிக்கும். பல தடவை அது வீண் எச்சரிக்கை. நத்தைகளை ஆராய்கிற ஒருவர் இருந்தார். நத்தைக்காரர் என்போம். அவர்தான் முதலில் அலுத்துக்கொண்டவர்.

"அக்கா, உங்க புரோகிராம் மாமியார் மாதிரி தொட்டதுக்கெல்லாம் குறை சொல்லுது."

மற்றவர்களும் ஒத்து ஊத, புதிய பதிப்பில் அக்கா எச்சரிக்கையை எடுத்துவிட்டார்.

அடுத்த கோடையில் நத்தைக்காரருக்கு யோகம் அடித்தது. ஏரியில் பிடித்த ஒரு நத்தை, வம்ச மரத்தில் எந்தக் கூட்டத்தோடும் ஒட்டாமல் தனிக் கிளையாக நின்றது. புதிய இனம் என்று கட்டுரை எழுதி ஆய்வுப் பத்திரிகைக்கு அனுப்பினார். அவருடைய ஒப்பந்தம் முடிகிற சமயம். நீட்டிப்பார்களா மாட்டார்களா என்பது அந்த ஒரு நத்தையை நம்பித்தான் இருந்தது. ஒப்பந்தம் போனால் நாட்டில் தங்கும் அனுமதியும் போகும். எங்களுக்கெல்லாம் இதை விளக்க வேண்டியதில்லை. நாங்களும் அனுமதியில் தங்கியிருப்பவர்கள்; தபால் விழுந்தால் குடியேற்ற அலுவலகத்துக் கடிதமா என்றுதான் முதலில் பார்ப்போம்.

மென்பொருளின் கையேட்டில் போட ஒரு படம் வேண்டுமென்று அக்கா நத்தைக்காரரின் கோப்பைத் திறந்தார். எல்லா வரிகளும் படிந்திருக்க, ஒன்று மட்டும் பரட்டையாக நின்றது. அதைத் திருப்பிப் போட்டு மறுபடி வாரினார். பக்கத்துக் குளத்து நத்தையோடு அச்சு அசலாகப் பொருந்தியது.

மத்தியானம் சாப்பாட்டு அறையில் சொன்னார்.

"தம்பி, அந்த ஏரி நத்தை புதுசு இல்ல. வரிசை தலைகீழா ஏறியிருக்கு."

"விளையாடாதீங்கக்கா."

"வந்து பாருங்க."

வந்து பார்த்தார். நாற்காலியை இழுத்துப் போட்டு மறுபடியும் பார்த்தார்.

"எச்சரிக்கை வரலையே?"

"நான்தான் எடுத்துட்டேன்."

"நாங்கதானே எடுக்கச் சொன்னோம்." குரல் தணிந்தது. "அடுத்த வாரம் என் ஒப்பந்தத்துக்குக் கமிட்டி கூடுது. அதுவரைக்கும் நீங்க பார்க்கலைன்னு வச்சுக்க முடியாதாக்கா?"

"நான் வாயைத் திறக்க மாட்டேன். ஆனா கட்டுரை வந்தா இந்தக் கோப்பும் எல்லார் கைக்கும் போகும். எவனாவது திருப்பிப் பார்ப்பான். அப்புறம் நீங்க கொண்டுவர்ற எந்த நத்தையையும் யாரும் நம்ப மாட்டாங்க."

"எனக்குப் பொண்டாட்டி பிள்ளை இருக்கு."

அக்கா கோப்பை மூடினார். "பத்திரிகைக்கு எழுதுங்க. தப்பு மென்பொருள்லயும் இருக்குன்னு எழுதுங்க. நானும் கையெழுத்துப் போடுறேன்" என்றார்.

அன்று சாயங்காலமே நத்தைக்காரர் எழுதி அனுப்பிக் கட்டுரையைத் திரும்பப் பெற்றார். இயக்குநர் அவருடைய நேர்மையைக் கூட்டத்தில் பாராட்டினார். ஒப்பந்தத்தை நீட்டவில்லை.

கடைசி நாள், சாவியை ஒப்படைத்துவிட்டு வந்து, தன் சொந்த மடிக்கணினியை அக்காவின் மேஜையில் வைத்தார்.

"உங்க புரோகிராமை இதுல போட்டுக் குடுங்கக்கா."

"எந்த ஊருக்குப் போறீங்க?"

"தெரியல. அங்கங்க எழுதிப் போட்டிருக்கேன்."

அக்கா மடிக்கணினியைத் தன் பக்கம் திருப்பினார். "பாஸ்வேர்ட் அடிங்க" என்று சொல்லிவிட்டு வேறு பக்கம் பார்த்தார்.