அக்காவுக்கு இடம் கேட்டு வந்தவர்

மருதாயி அம்மா இறந்த செய்தி எனக்கு நான்கு நாள் கழித்துத்தான் கிடைத்தது. தெப்பக்குளம் பஸ் நிறுத்தத்தில் மனநோய் வார்டு ஆயா ஒருவர் என்னை அடையாளம் கண்டு, "மலைக்காரம்மா போயிட்டாங்க. ஊருக்கே கொண்டுபோயிட்டாங்க. உங்களுக்கு யாரும் சொல்லலையா?" என்றார். யாரும் சொல்லியிருக்க முடியாது. அவரைத் தெரியும் என்றே நான் எவரிடமும் சொன்னதில்லை.

பச்சைமலையில் பிறந்தவர். துறையூரில் விடுதியில் தங்கிப் படித்து, திருச்சி மனநோய் வார்டுக்கு ஆயா வேலைக்கு வந்தார். பிறகு பயிற்சி பெற்று, அதே வார்டில் சமூகப் பணியாளர் ஆனார். குணமானவர்களை வீட்டில் கொண்டு சேர்ப்பது அவர் வேலை. எத்தனை வீடுகள் கதவைத் திறக்கவில்லை என்பது இந்த அஞ்சலியைப் படிக்கும் உங்களில், அவரோடு பணியாற்றியவர்களுக்குத் தெரியும்.

அவருடைய ஊரில் ஒருவருக்கு மனம் கலங்கினால், நாளுக்கு ஒரு வீடாக அழைத்து உட்காரவைத்துச் சோறு போடுவார்களாம். அதையே உறையூர் நெசவாளர் தெருவில், வார்டிலிருந்து குணமாகித் திரும்பிய ஒருவருக்காகச் செய்து பார்த்தார்.

"பைத்தியத்துக்கு விருந்தா?" என்று ஒரு பெண் கேட்டாராம்.

"உங்க குழம்பைத் தின்னுட்டும் அவரு சும்மா இருந்தார்னா, முழுசாத் தெளிஞ்சிட்டார்னு டாக்டர்கிட்ட சொல்லிடறேங்க."

தெருவே சிரித்தது. சோறும் போட்டது. எட்டு மாதத்தில் அந்த மனிதர் மறுபடி தறியில் உட்கார்ந்தார்.

எங்கள் ஸ்ரீரங்கத்தில் அப்படி நடக்கவில்லை. என் அக்கா ரங்கநாயகி பத்தொன்பது வயதில், கல்யாணத்துக்கு முன்பே, மனம் பேதலித்து அந்த வார்டில் சேர்க்கப்பட்டாள். எனக்கு வரன் பார்க்கத் தொடங்கியபோது, அவள் மதராஸில் இறந்துவிட்டதாக அப்பா தெருவில் சொன்னார். தலை முழுகினோம். தீட்டுக் காத்தோம். துக்கம் கேட்க வந்தவர்களுக்கு நான்தான் தண்ணீர் கொடுத்தேன்.

இது எதுவும் தெரியாமல் அடுத்த மாதம் மருதாயி அம்மா வந்தார். வாசலிலேயே நிற்கவைத்துப் பேசினோம்.

"ஐயா, பாப்பா தெளிஞ்சிருச்சுங்க. பத்து வீடு வேணாம். இந்த ஒரு வீடு போதும்."

"மெதுவாப் பேசும்மா. அவளுக்குக் காரியமே பண்ணியாச்சு."

"உசுரோட இருக்குற புள்ளைக்குங்களா?"

மருதாயி அம்மா என் பக்கம் திரும்பினார். "நீங்க சொல்லுங்கம்மா. அக்கா வரலாமா?"

எனக்கு நிச்சயமாகிப் பதினோரு நாள் ஆகியிருந்தது. நான் உள்ளே போய்விட்டேன்.

கல்யாணம் நடந்தது. போக இடமில்லாமல் வார்டிலேயே இருந்த அக்கா, நான்கு ஆண்டுகள் கழித்துக் காய்ச்சலில் இறந்தாள். சொல்ல வந்த மருதாயி அம்மாவிடம் அப்பா, "ஒரு தடவை குளிச்சாச்சே" என்றார். அக்காவின் உடலை வாங்கி அடக்கம் செய்தது மருதாயி அம்மாதான்.

அதற்குப் பிறகு யாருக்கும் தெரியாமல் சிலமுறை அவரைப் பார்க்கப் போனேன். ஒருநாள், "என்னை நீங்கள் ஒரு வார்த்தைகூடத் திட்டவில்லையே" என்றேன்.

"திட்டுனா உங்களுக்கு ஆறிடும்மா. வேணாம்."

அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது, அன்று வாசலில் கேட்ட, ஆறாத அந்த ஒரு கேள்விதான். அவர் இருந்தவரை நான் அதற்குப் பதில் சொல்லவில்லை. என் கணவர் வீட்டாருக்கும் இதைப் படித்தால்தான் தெரியவரும். எங்கள் வீட்டுக்குத் துக்கம் கேட்க வந்தவர்களே, அன்று என் அக்கா உயிரோடு இருந்தாள்.