எங்கள் வீட்டுக்கு நாங்கள் விருந்தாளி

போன வாரம் எங்கள் புது வீட்டில் பால் காய்ச்சினோம். கோவில்பட்டியில் சொந்த வீடு... சும்மாவா? பத்திரம் என் பேரில், பட்டா என் பேரில். குடியிருப்பவர் மட்டும் வேறு ஆள்.

வாங்கும்போதே புரோக்கர் சொல்லத்தான் செய்தார். "ஒரு குடும்பம் இருக்காவ அண்ணாச்சி. வாடகைதான் தரமாட்டாவ, மத்தபடி தங்கமான மனுசங்க. ஆனிக்குள்ள காலி பண்ணிருவாவ."

விற்றவர் தூத்துக்குடிக்காரர். வாடகை கேட்டுக் கேட்டே ஓய்ந்துபோய், கடைசியில் வீட்டையே விற்றுவிட்டார். அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டாமா? விலையைக் குறைத்துச் சொன்னால் காது அடைத்துக்கொள்ளும் போல.

என் மனைவிக்கு இருந்தது ஒரே ஆசை. இத்தனை வருட வாடகை வாழ்க்கையில், ஓனரைக் கேட்காமல் ஒரு ஆணி அடித்ததில்லை. கல்யாண போட்டோ இன்னும் பீரோவில் சேலைகளுக்கு நடுவில்தான் கிடக்கிறது. "சொந்தச் சுவத்துல நானே ஒரு ஆணி அடிக்கணும்" - அவ்வளவுதான் அவள் கேட்டது.

ஆனி முடியப்போகிற சமயம். ஆடி பிறந்துவிட்டால் பால் காய்ச்ச முடியாது. சொந்தபந்தங்களுக்கெல்லாம் சொல்லியாகிவிட்டது. நேரில் கேட்கப் போனேன். குடியிருக்கும் சண்முகையா நாற்காலி எடுத்துப் போட்டு, காபி கொடுத்தார்.

"மக மாசமா இருக்கா அண்ணாச்சி. இந்த நேரத்துல வீடு மாத்தக் கூடாதும்பாவ. உங்களுக்குத் தெரியாததா?"

தெரியும்... தெரிந்துதான் தொலைக்கிறது. மாசமான பெண்ணை வெளியேற்றிவிட்டு எந்த மூஞ்சியோடு பால் காய்ச்சுவது?

வக்கீல் நண்பரிடம் கேட்டேன். "கேஸ் போடலாம். வயித்துல இருக்க பிள்ளை காலேஜ் முடிக்கதுக்குள்ள தீர்ப்பு வந்துரும்" என்றார்.

மறுநாள் சண்முகையாவே போன் செய்தார். "எங்களுக்காக நல்ல நாளை ஏன் விடுதீங்க? அடுப்பு இங்கன இருக்கு. வந்து காய்ச்சுங்க."

காய்ச்சினோம். அவர் அடுப்பு, அவர் கேஸ். பால் மட்டும் எங்களுடையது.

சண்முகையா பட்டு வேட்டி கட்டி, வாசலில் நின்று, வருகிறவர்களையெல்லாம் "வாங்க, வாங்க" என்று கும்பிட்டார். என் மனைவி வழியில் தூரத்துச் சொந்தம் ஒருவர் பசுவந்தனையிலிருந்து வந்திருந்தார். என் முகம் அவருக்குப் பழக்கமில்லை. கொண்டுவந்த சுவர்க்கடிகாரத்தைச் சண்முகையா கையில் கொடுத்து, "அமோகமா இருங்க" என்று வாழ்த்திவிட்டார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை. வீட்டுக்காரர் ஆவதற்குப் பத்திரமா வேண்டும்? வாசலில் நின்று "வாங்க" என்று சொல்லத் தெரிந்தால் போதும்.

சண்முகையா மறுக்கவில்லை. உள்ளே போய்ச் சுத்தியலை எடுத்துவந்தார். நடுச்சுவரில் நாலே தட்டு - ஆணி இறங்கிவிட்டது. கடிகாரத்தை மாட்டிவிட்டு, "நேரா இருக்கா பாருங்கம்மா" என்று என் மனைவியைக் கேட்டார்.

"கொஞ்சம் இடது பக்கம் சரிஞ்சிருக்கு" என்றாள். அவள் பார்த்தது கடிகாரத்தை அல்ல, ஆணியை. எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. ஆனால் கையில் இருந்ததோ அவர் வீட்டு டம்ளர். அதைக் கீழே வைத்துவிட்டு, கிளம்பலாம் என்று அவளுக்குக் கண்ணைக் காட்டினேன்.

சண்முகையா தெரு வரைக்கும் வந்து வழியனுப்பினார்.

"அடிக்கடி வந்துட்டுப் போங்க அண்ணாச்சி. உங்க வீடு மாதிரி நினைச்சுக்கோங்க."

நினைத்துக்கொண்டுதான் இருக்கிறேன்.