தவராசா அண்ணையின் கதை, என் கையெழுத்து

மருத்துவமனையிலிருந்து அழைப்பு வந்தபோது நான் பேருந்தைக் கடைசித் தரிப்பில் நிறுத்திவிட்டு, மதியச் சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்துகொண்டிருந்தேன். வேலைக்குப் போகும் வழியில் மாரடைப்பு வந்து தவராசா அண்ணை காலமாகிவிட்டார் என்றார்கள். அவசரத்துக்கு அழைக்கவேண்டியவர் என்று அவர் சட்டைப்பையில் இருந்த துண்டில் என் பெயர்தான் இருந்ததாம். ஜெர்மனியின் இந்தப் பீலெஃபெல்ட் நகரில் இத்தனை தமிழர் இருக்க, என் பெயர். பெட்டியை மூடிவைத்துவிட்டேன்.

யாழ்ப்பாணத்தில் இருக்கும் அவருடைய மகள் ஆரணிக்கு நானே சொன்னேன். அழுது ஓய்ந்தபின் அவள் கேட்டாள்: "மாமா, அப்பான்ரை முப்பத்தோராம் நாள் நினைவு மலருக்கு நீங்கள்தான் எழுதவேணும். அவரை உங்களைப்போலை வேறை ஆருக்குத் தெரியும்?" "ஓம் பிள்ளை" என்றேன். பிள்ளை எதிர்பார்த்தது இந்தக் கட்டுரையை அல்ல. ஆனால் வேறொன்றை எழுத என்னால் முடியவில்லை.

அவரை அறியாதவர்களுக்குச் சொல்கிறேன். அண்ணை ரொட்டித் தொழிற்சாலை ஒன்றில் வேலை செய்தார். ஓய்வு நாட்களில் அடுத்தவர்களின் படிவங்களை நிரப்பினார். நிரந்தர வதிவிடத்துக்கு விண்ணப்பிக்கும் எவரும் முதலில் அவர் வீட்டுக் கதவைத்தான் தட்டுவார்கள். சம்பளத் துண்டு, வாடகை ஒப்பந்தம், மொழிப் பரீட்சைச் சான்றிதழ், ஓய்வூதியக் கட்டணப் பட்டியல் என்று எல்லாவற்றையும் துளையிட்டு, கறுப்புக் கோப்பில் வரிசையாகக் கோத்துக் கொடுப்பார். "கந்தோரிலை குடுத்த டெர்மின் நேரத்துக்குப் பத்து நிமிசம் முந்திப் போறது மரியாதை. ஒரு மணித்தியாலம் முந்திப் போறது பயம். பயத்தைக் காட்டாதேங்கோ" என்பார். சொல்லிவிட்டுத் தாமே ஒரு மணித்தியாலம் முந்திப் போய் வாசலில் நிற்பார். அதற்காக அவரை நாங்கள் எவ்வளவோ பகிடி பண்ணியிருக்கிறோம்.

போர் முடிந்த கையோடு வந்து, ஒரே அகதி விடுதியில்தான் அவரும் நானும் இருந்தோம். உடுப்புத் தோய்க்கும் இயந்திரத்துக்காக இருவரும் காத்திருந்த ஒரு பின்னேரம், அவர் தம்பி ரூபனைப் பற்றிச் சொன்னார். ரூபனை ஒழுங்கையில் வைத்து வாகனத்தில் ஏற்றிப்போனார்கள். அவன் பிடித்திருந்த குடை மட்டும் விரிந்தபடி மழையில் கிடந்தது. அந்தக் குடையைக் கையில் எடுத்துக்கொண்டு அண்ணை இராணுவ முகாம் முகாமாய் விசாரித்துத் திரிந்தார். பிறகு அவரையே தேட ஆரம்பித்தார்கள். அதுதான் அவர் ஊரை விட்டு ஓடிவந்த காரணம்.

என்னிடமும் ஒரு கதை இருந்தது, ஆனால் அது மெலிந்த கதை. உன் கேஸ் நிற்காது என்று விடுதியில் எல்லோரும் சொன்னார்கள். அவருடைய விசாரணைக்கு ஒன்பது நாட்களுக்கு முன்பு என் விசாரணை நடந்தது. அங்கே நான் ரூபனை என் தம்பி ஆக்கினேன். மழையைச் சொன்னேன், ஒழுங்கையைச் சொன்னேன், குடையைச் சொன்னேன். மொழிபெயர்த்த பெண்மணி கண்ணைத் துடைத்தார். நான் கையெழுத்துப் போட்டேன்.

என்னை அகதியாக ஏற்றுக்கொண்டார்கள். அண்ணையை நிராகரித்தார்கள். இதே சம்பவத்தை வேறொருவர் ஏற்கெனவே சொல்லியிருப்பதால் நம்பமுடியவில்லை என்று அவருக்கு வந்த கடிதத்தில் இருந்தது. அதை என்னிடம் கொண்டுவந்து காட்டினார். "ஆரெண்டு தெரியேல்லை தம்பி. இப்பிடியும் செய்வினமோ?" என்று கேட்டார். "சில பேர் அப்பிடித்தான் அண்ணை" என்றேன். இந்த வாயால்தான் சொன்னேன்.

மூன்று வருடங்களின் பின் நான் நிரந்தர வதிவிடத்துக்கு விண்ணப்பிக்கவேண்டி வந்தது. அதற்குள் என் மனைவியும் மகனும் வந்துசேர்ந்திருந்தார்கள். அண்ணையின் மேன்முறையீடோ இன்னும் நீதிமன்றத்தில் கிடந்தது. நான் வழமைபோல எல்லாக் கடதாசிகளையும் ஒரு கடைப் பையில் திணித்து அவரிடம் கொடுத்தேன். அதற்குள் என் விசாரணைப் பதிவும் கிடந்ததை நான் கவனிக்கவில்லை. அவர் அதை எடுத்து ஆறுதலாக வாசித்தார். அப்போது அவருக்கு ஜெர்மன் நன்றாகத் தெரியும்.

"குடை பச்சையில்லை தம்பி" என்றார். "நீலம்."

பிறகு என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். திட்டவில்லை, எழும்பிப் போகவுமில்லை. நான் நீதிமன்றத்துக்கு வந்து உண்மையைச் சொன்னால் அவருடைய வழக்கு பிழைக்கும். என் அனுமதி பறிபோகும். அது இருவருக்கும் தெரியும்.

"தேத்தண்ணி ஊத்தட்டோ அண்ணை?" என்றேன்.

"ஓம். சீனி குறைச்சுப் போடும்" என்றார். அந்தப் பதிவை மடித்து என் பக்கம் தள்ளினார். "இது அவையளுக்குத் தேவையில்லை. வீட்டிலை வையும்." மிச்சக் கடதாசிகளைத் துளையிட்டு, ஒன்றும் பிசகாமல் கோத்துத் தந்தார்.

இரண்டு மாதத்தில் என் வதிவிட அட்டை வந்தது. அவருடைய மேன்முறையீடு தள்ளுபடியானது. அதன்பின் சில மாதங்களுக்கு ஒருமுறை புதுப்பிக்கும் தற்காலிகத் தாளோடு வருடக்கணக்கில் இருந்தார். அந்தத் தாளை வைத்துக்கொண்டு ஊருக்குப் போகவும் ஏலாது, குடும்பத்தைக் கூப்பிடவும் ஏலாது. வந்து பதினான்காவது வருடத்தில், வேலையாலும் மொழியாலும் நிரந்தர வதிவிடத்தைச் சம்பாதித்தார். ஆறு வயதில் விட்டுவந்த ஆரணிக்கு அப்போது இருபது. பிள்ளையாகக் கூப்பிடும் வயது தாண்டிவிட்டது. அவளைத் தனியே விட்டுவர அண்ணையின் மனைவிக்கு மனமில்லை. அண்ணை ஒரேயொரு தரம் போய்ப் பார்த்துவிட்டு வந்தார்.

ஆரணி, நான் வெட்கப்படுகிறேன். உன் அப்பா உன்னிடம் வராமல் போனதற்குச் சட்டம்தான் காரணம் என்று நீ நினைத்திருப்பாய். நான்தான் காரணம். இதை அச்சில் போட்டால் எனக்கு என்ன வரும் என்று தெரியாது, வரட்டும். ரூபன் உன் சித்தப்பா. எனக்குத் தம்பியே கிடையாது.

அண்ணை, உங்கள் தகனத்துக்கு நான் ஒரு மணித்தியாலம் முந்தியே போய்விட்டேன். பூட்டிய கதவின் முன்னால் நீங்கள் எனக்குக் கோத்துத் தந்த கறுப்புக் கோப்பை அணைத்துக்கொண்டு தனியே நின்றேன். அது மரியாதையில்லை என்று உங்களுக்குத் தெரியும்.

போய் வாருங்கள், அண்ணை. குடை நீலம்தான்.