பாதி இலையில் எழுந்த விருந்தாளி

புதிதாக வேலைக்குச் சேரும் பிள்ளைகளுக்காக நம் மெஸ்ஸின் கதையை எழுதிக் கொடு என்று முதலாளியம்மா சொல்லி மூன்று வாரம் ஆகிறது. நானே மெஸ்ஸின் பழைய பழக்கம் ஒன்றைக் கெடுத்தவள், நான் எழுதலாமா என்று தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தேன். கெடுத்ததையும் சேர்த்தே எழுதிவிடுகிறேன்.

1. திருப்பிப் போட்ட நாற்காலிகள்

பி.காம். முடித்துவிட்டுக் கவுண்டர் வேலைக்கு வந்த முதல் நாள், சீனியர் சப்ளையர் முத்தையா அண்ணன் உள் ஹாலைக் காட்டினார். நாற்காலிகள் எல்லாம் ஒரே பக்கமாக, பின்புறத்து வாழைத்தோப்பைப் பார்த்துப் போட்டிருந்தன.

“என்னண்ணே, கிளாஸ் ரூம் மாதிரி இருக்கு?”

“சாப்புடுறவுக மொகத்த யாரும் பாக்கக் கூடாதுத்தா. நீயும் இலையப் பாரு, மொகத்தப் பாக்காத. இங்கன அம்புட்டுதான் வேல.”

முதலாளியம்மாவின் அப்பா, கேரளா எஸ்டேட்டுகளுக்குப் போகும் ஜீப் டிரைவர்களை நம்பித் தொடங்கிய கடை இது. கம்பம் பக்கம் ஷூட்டிங் வரத் தொடங்கிய காலத்தில் ஒரு கதாநாயகர் சாப்பிட வந்தாராம். ஊரே சுற்றி நின்றது. அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்துவிட்டு, ஒரு வாய் வைக்காமல் எழுந்து போனார். மறுநாளே பெரியவர் உள் ஹால் நாற்காலிகளைத் திருப்பிப் போட்டுவிட்டார். அன்றிலிருந்து எத்தனையோ நடிகர்கள் வந்தும் சுவரில் ஒரு போட்டோ கிடையாது. எழுத்தாளர் ஒருவர் ஒரு கோடை முழுக்க ஜன்னலோரம் உட்கார்ந்து எழுதினாராம். என்ன எழுதுகிறீர்கள் என்று ஒருவரும் கேட்கவில்லை. கடைசி நாளில் அவரே, “ஏம்ப்பா, ஒருத்தராச்சும் கேக்க மாட்டீகளா?” என்றதை முத்தையா அண்ணன் இன்றும் நடித்துக் காட்டுவார்.

2. ஒரு வாய் சோறு

போன வருடம் என் மகள் ரீனாவுக்கு இரண்டரை வயது. காய்ச்சல் விட்டும் மூன்று நாளாகச் சோறு இறங்கவில்லை. வாயில் வைத்தாலே துப்பினாள். நான் ஏதோ தப்புச் செய்கிறேன் என்றே எனக்குத் தோன்றிக்கொண்டிருந்தது. அன்று மாமியார் தேவாரம் ஊரில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டதால் அவளைக் கவுண்டருக்கே தூக்கிக்கொண்டு வந்திருந்தேன்.

மதியம் பில் போட்டுத் திரும்பினால் பிள்ளையைக் காணோம். உள் ஹாலுக்கு ஓடினேன். ஷூட்டிங் இடைவேளையில் தனியாகச் சாப்பிட வந்திருந்த ஒரு நடிகையின் பக்கத்தில் ரீனா நின்றிருந்தாள். அவர் கையால் கொடுத்த ரசம் சோற்றை வாங்கி விழுங்கினாள். மறுபடியும் வாயைத் திறந்தாள்.

சத்தியமாக எனக்கு நடிகை தெரியவில்லை. அந்தத் திறந்த வாய்தான் தெரிந்தது. போனில் ஒரு படம் எடுத்து, ‘பாப்பா சாப்பிட்டுட்டா’ என்று அம்மாவுக்கு அனுப்பினேன். அம்மாவின் போனை எடுத்துப் பார்த்த என் தம்பி, அதைத் தன் ஸ்டேட்டஸில் மெஸ் பெயரோடு போட்டுவிட்டான்.

பத்தே நிமிடத்தில் வாசல் நிறைய பைக். தோப்புப் பக்கம் ஜன்னல் கம்பிகளில் முகங்கள். நடிகை பாதி இலையில் எழுந்து, கையைக் கழுவி, அடுப்படி வழியாகப் போய்விட்டார். முத்தையா அண்ணன் அந்த இலையை எடுக்காமல் நின்றார். “நாக்காலியத் திருப்பிப் போட்டதுக்கப்புறம் இங்கன யாரும் இப்புடி எந்திரிச்சதில்ல” என்றார்.

“எவனோ வெளியாளு எடுத்துப்புட்டான்” என்றார் முதலாளியம்மா.

பேசாமல் இருந்திருக்கலாம். யாருக்கும் தெரியாது. ஆனால் அந்த இலை அங்கேயே இருந்தது.

“நான்தாம்மா எடுத்தேன்.”

அவர் அந்த இலையைப் பார்த்தார். பிறகு, “அவுகளுக்கு நாளைக்கு லொகேஷன் சாப்பாடு நீ கொண்டுபோ. நம்ம சாப்பாட்ட அவுக முழுசாச் சாப்புட்டாகன்னா வந்து கவுண்டர்ல ஒக்காரு. இல்லேன்னா எனக்கு வேற ஆளு பாக்கணும்” என்றார்.

3. மலையைப் பார்த்து நின்றேன்

மலையடிவாரத்தில் ஒரு புளியமரத்தடியில் நடிகை உட்கார்ந்திருந்தார். ஜீப்பில் வரும் வழியெல்லாம் மனப்பாடம் செய்த மன்னிப்பு மறந்துபோனது. நடந்ததை மட்டும் சொன்னேன். அவர், “அப்புறம் பாப்பா சாப்பிட்டாளா?” என்று கேட்டார்.

“ராத்திரி திரும்பவும் துப்பிட்டா மேடம்.”

இலை போட்டுப் பரிமாறினேன். தொடுவாரா என்று அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். அவர் சோற்றில் கை வைத்துவிட்டு நிமிர்ந்தார்.

“நீங்க இப்படிப் பாத்துக்கிட்டே நின்னா எனக்கு எப்படிங்க இறங்கும்? பாப்பாவையும் இப்படித்தான் பாப்பீங்களா?”

அவரே தொடர்ந்து சொன்னார்.

“நேத்து நான் அவளைக் கவனிக்கவே இல்ல. வசனம் படிச்சுக்கிட்டே சாப்பிட்டேன். அவளா வந்து வாயைத் திறந்தா.”

நான் திரும்பி மலையைப் பார்த்து நின்றுகொண்டேன். முதலில் ஒன்றும் கேட்கவில்லை. பிறகு அப்பளம் நொறுங்கியது. “இன்னும் கொஞ்சம் ரசம் இருக்கா?” என்றார். ஊற்றும்போது இலையை மட்டும் பார்த்தேன். முடிந்ததும் அவரே இலையை மடித்தார்.

மடித்த இலையை அப்படியே கேரியரில் வைத்துக் கொண்டுவந்து காட்டினேன். முதலாளியம்மா சிரித்துவிட்டார். “அதுக்குன்னு எச்சி இலையவா சொமந்துக்கிட்டு வருவ, கிறுக்கி? போய் ஒக்காரு.”

அன்று சாயங்காலம் வீட்டில் ரீனாவின் தட்டில் கொஞ்சம் ரசம் சோறு வைத்துவிட்டு, அவளுக்கு முதுகு காட்டி உட்கார்ந்து துணி மடித்தேன். திரும்பிப் பார்த்துவிடுவேனோ என்று பயமாகவே இருந்தது. ஐந்து துணி, ஆறு துணி. பின்னால் தட்டு நகரும் சத்தம் கேட்டது. ஆறு வருடம் ஊராருக்குச் செய்ததை என் பிள்ளைக்குச் செய்யத் தெரியாமல் இருந்திருக்கிறேன். நீங்களும் பரிமாறியதும் விலகி நில்லுங்கள். வேண்டுமென்றால் அவர்களே கூப்பிடுவார்கள்.

கடைசித் துணியை மடிக்கும்போது முதுகில் ஒரு சின்ன ஈரக்கை பட்டது.

“ரசம்” என்றாள்.