அப்பாவின் தொப்பிக்கு மேலே

அப்பாவின் நீலத் தொப்பியில் முன்விளிம்பு மட்டும் நைந்துபோயிருந்தது. பிடித்து இழுத்து இழுத்தே அப்படி ஆனது. கிள்ளானில் எங்கள் ஃப்ளாட்டின் கார் நிறுத்துமிடத்துக்கு மேலே, பொழுது சாய்ந்ததும் சில நாட்களில் ஒரு பிரகாசமான புள்ளி கண்சிமிட்டாமல் வானத்தைக் கடக்கும். அப்போது அவர் தொப்பியைப் புருவம்வரை இறக்கிக்கொள்வார். வெயிலுக்கு வாங்கிய தொப்பி இருட்டில் எதற்கு என்று நான் யோசித்ததில்லை.

அந்தப் புள்ளியை அவருக்குக் காட்டியதே நான்தான். எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் பல்கலைக்கழகம் போனவன். படித்ததை யாரிடமாவது சொல்லாவிட்டால் எனக்கு இருப்புக்கொள்ளாது. "விண்வெளி நிலையம்பா. இதுவும் சாட்டலைட்தான், ஆனா உள்ள ஆளுங்க இருக்காங்க" என்றேன். அப்பா கம்பெனி லோரி ஓட்டுபவர். "அங்கேர்ந்து பாத்தா லோரி தெரியுமா?" என்றார். ரோடு, பாலமெல்லாம் படம் எடுக்கிறார்கள் என்று பெருமையாகச் சொல்லிவைத்தேன்.

அன்றிலிருந்து காலையில் லோரி எடுக்கப் போகும்முன், "இன்னிக்கு வருதா?" என்று கேட்பார். நான் போனைப் பார்த்து வரும், வராது என்பேன். ஆறாம் ஆண்டோடு பள்ளியை விட்ட அப்பாவுக்கு வானத்தின்மேல் ஆசை வந்துவிட்டது என்று நண்பர்களிடம் சொல்லிப் பூரித்தேன். ஒன்று மட்டும் உறுத்தியது. "வராது" என்றால்தான் அவர் முகம் மலர்ந்தது.

அம்மாவின் சந்தேகம் வேறு. சில நாட்களில் அப்பா தாமதமாக வந்தார். சட்டையில் எங்கள் வீட்டில் இல்லாத சாம்பிராணி வாசனை. "எவ வூட்டுல சாமி கும்பிட்டுட்டு வராரு உங்கப்பா?" என்பாள். நானும் அவர் கழற்றிப் போட்ட சட்டையை மோந்து பார்க்கத் தொடங்கினேன்.

பிறகு அப்பாவைக் கம்பெனியில் கூப்பிட்டார்கள். தனக்காகப் பேச என்னையும் அழைத்துப் போனார். மேனேஜர் கணினியைத் திருப்பினார். நெடுஞ்சாலையை விட்டு விலகிய சிவப்புக் கோடு சாலாக் செலாத்தானில் ஒரு சந்துக்குள் போய் நின்றது. "அங்கிள், இங்க என்ன வேலை?" அப்பா திரையைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார். லோரிச் சாவியை வாங்கிக்கொண்டு அவரைக் கிடங்குக்கு மாற்றினார்கள்.

வெளியே வந்ததும் அப்பா கேட்டார்: "அது வராத நாளாப் பாத்துத்தான் அங்க போனேன். எந்த நாள்னு உனக்கும் எனக்கும்தானே தெரியும்?"

எனக்கு அப்போதுதான் விளங்கியது. லோரியில் ஒரு பெட்டி மாட்டியிருக்கிறார்கள், அது பேசுவது கண்ணுக்கே தெரியாத வேறு சாட்டலைட்டுகளோடு, எந்நாளும் அது கணக்கு வைக்கும் என்று மூச்சு வாங்கச் சொன்னேன். "நீ படிச்சவன் லா. எதையும் பொருத்தமாச் சொல்லுவ" என்றார்.

அடுத்த வாரம் சாலாக் செலாத்தானிலிருந்து அத்தை, அப்பாவின் தங்கை, வீட்டுக்கு வந்தார். தாத்தா சாவில் அம்மாவோடு சண்டை போட்டுப் போனவர். "அண்ணே எங்கிட்ட தே தண்ணி குடிக்கத்தான் வந்துச்சு அண்ணி, அதுக்கா லோரிய புடுங்கினாங்க?" என்று அழுதார். கிரில் கதவைத் திறக்காமல் நின்ற அம்மா, அந்தச் சாம்பிராணி வாசனை வந்ததும் சாவியைத் தேடினாள்.

அப்பாமேல் அம்மாவுக்கு இருந்த சந்தேகம் தீர்ந்தது. என்மேல் அப்பாவுக்கு இருந்தது தீரவில்லை. அப்பா அதன்பின் "இன்னிக்கு வருதா?" என்று கேட்கவே இல்லை. இப்போது நான் பிரிக்ஃபீல்ட்ஸில் அறை எடுத்து வேலை பார்க்கிறேன். வாரக்கடைசியில் வீட்டுக்குப் போனால், என் கையில் போனைக் கண்டதும் அவர் பேச்சு பாதியில் நிற்கும்.

போன வாரம் கார் நிறுத்துமிடத்திலிருந்து குரல் கொடுத்தார். "போன மேல வெச்சிட்டு வா."

வைத்துவிட்டு இறங்கினேன். போனைப் பார்க்காமல் அன்று அது வருமா என்று எனக்கும் தெரியாது. இருவரும் சும்மா நின்றோம். எதிர் பிளாக்கின் தண்ணீர்த் தொட்டிக்கு மேலே அது எழுந்தது.

"பொட்டிதான்பா காட்டிக்கொடுத்துச்சு" என்றேன் மறுபடியும்.

"தெரியும் லா. இருந்தாலும் மேல இவனும் பாத்துக்கிட்டுத்தான போறான்."

ஒரு கையால் தொப்பியை இறக்கினார். இன்னொரு கையை, வெளிச்சம் கடந்து போகும்வரை, என் நெற்றிக்கு மேலே விரித்துப் பிடித்திருந்தார்.