ஓய்வூதியத்துக்கு ஒரு ஜோடி போட்டோ

குவைத்தில் போட்டோ எடுக்கக் காசையும் கொடுத்து, முறைப்பையும் வாங்கிக்கொள்ள வேண்டும். மங்காஃபில் எங்கள் ரூமுக்குக் கீழே உள்ள ஸ்டுடியோவின் வங்காளதேசத்துக்காரர், "பாய், ஹஸ்னா மத்" என்றார். சிரிக்கக் கூடாதாம். எனக்கோ சிரிப்பு அடங்கவில்லை. போன வாரம்தான் ஐம்பத்தெட்டு முடிந்தது. இங்கே வருமுன் கோயம்புத்தூர் மில்லில் உழைத்த வருடங்களுக்கான பென்ஷனை இனி முழுசாகக் கேட்கலாம். விண்ணப்பத்தில் ஒட்டக் கணவனும் மனைவியும் சேர்ந்திருக்கும் போட்டோ வேண்டும். மனைவி சரோஜாவோ அவிநாசியில். "மேடம் போட்டோ மொபைல்ல வரட்டும், நான் சேர்த்துடறேன்" என்று அவர் ஹிந்தியில் தைரியம் சொன்னார்.

மூன்று வருடம் முன்பே இந்தப் பென்ஷனை வாங்கியிருக்கலாம். "கொறஞ்சாக் கொறையட்டுமுங்க, வந்துருங்க" என்றுதான் சரோஜா சொன்னாள். நான்தான் கணக்குப் புலி ஆயிற்றே. சீக்கிரம் கேட்டால் எனக்குக் குறைத்துத் தருவார்கள். எனக்குப் பிறகு அவளுக்கு வருவது அதில் பாதி. என் அவசரம் அவள் கையை ஆயுசுக்கும் கடிக்கும். "உனக்காகத்தான்" என்று பெருமையாகச் சொல்லிவிட்டு இங்கே நான் வேலை பார்க்கும் ஸ்டோரில் இன்னும் மூன்று கோடையைத் தள்ளினேன். தன் சாவுக்கு இவ்வளவு சிரத்தையாக ஏற்பாடு செய்த ஆள் எங்கள் கம்பெனியிலேயே நான் ஒருவன்தான்.

என்னை ஓர் ஓரமாக நிறுத்திச் சோதனைக்கு ஒன்று எடுத்துவிட்டு, "மேடம் லெஃப்ட்டா, ரைட்டா?" என்றார் ஸ்டுடியோக்காரர். விழித்தேன். கல்யாணமாகி முப்பது வருடம், அவள் என் எந்தப் பக்கம் நிற்பாள் என்று தெரியவில்லை. வெட்கமாகப் போய்விட்டது. சரோஜாவுக்கே போன் போட்டு விஷயத்தைச் சொன்னேன்.

"ஒட்டுப் போட்டோவா? அதுக்கு நான் கையெழுத்துப் போட மாட்டனுங்க."

"எனக்கப்புறம் உனக்கு..."

"நீங்க இல்லாம இருக்கறதுக்கு எனக்கு நல்லாப் பழகிப்போச்சுங்க. கூட இருக்கறதுக்கு ஏதாச்சும் ஏற்பாடு பண்ணுங்க."

தமிழ் தெரியாத ஸ்டுடியோக்காரர் என் முகத்தைப் பார்த்துவிட்டு விளக்கை அணைத்தார். "கலாஸ்?" என்றார், முடிந்ததா என்று அரபியில். "கலாஸ்" என்றேன்.

மறுநாள் வேலையை விடுவதாக எழுதிக் கொடுத்தேன். மேனேஜர் காரணம் கேட்டார். மனைவியோடு ஒரு போட்டோ எடுக்க வேண்டும் என்றேன். பக்கத்திலேயே ஸ்டுடியோ இருக்கிறதே என்றார். விளக்க என் ஹிந்தி போதவில்லை. அன்று எடுத்த போட்டோ பர்ஸில் இருக்கிறது. ஓர் ஓரமாக, சிரிக்காமல் நான். மீதி முழுக்க வெள்ளைச் சுவர். அவள் எந்தப் பக்கம் என்று இன்னும் கேட்கவில்லை. நேரில் போய் நின்றால் தெரிந்துவிடும்.